உஷார்! ‘இதுவரை ஒண்ணும் ஆகலையே’ என்கிறார்களா?

‘பத்து வருஷமா இப்படித்தான் ஓடுது சார், ஒண்ணும் ஆகலை’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், முதல் வேலையாக அந்த இடத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள். என்ன ஓடுகிறது, எப்படி ஓடுகிறது என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒன்றும் ஆகியிருக்காது. பயப்பட வேண்டியதே அதற்காகத்தான். தப்பாகச் செய்தும் ஒன்றும் ஆகாமல் கழிந்த ஒவ்வொரு நாளும், ‘இது தப்பே இல்லை’ என்று பாடம் நடத்திவிட்டுப் போகிறது. முதல் நாள் கை நடுங்கும். பத்தாம் நாள் நடுங்காது. அடுத்த வருஷம் வேலைக்குச் சேரும் பையனுக்கு அதுவே முறை என்று சொல்லித் தரப்படும். எதற்காக நடுங்க வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது.

இதற்கு இந்த நாட்டில் போபாலைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் நடந்ததை ‘விஷவாயு விபத்து’ என்று ஒரே வரியில் படித்து முடித்துவிடுகிறோம். ஏதோ ஒரு ராத்திரியில், யாரும் எதிர்பாராமல் நடந்துவிட்ட மாதிரி மனதில் பதிந்திருக்கிறது. அந்த ராத்திரி பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாராகிக்கொண்டிருந்தது என்பதுதான் உண்மை.

610-ஆம் எண் தொட்டியில் இருந்தது சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிக் குளிரவைத்துப் பாதுகாக்க வேண்டிய திரவம். உள்ளே தண்ணீர் புகுந்தால் சூடேறிப் பொங்கிவிடும். அதைக் குளிரூட்டும் இயந்திரத்தை அந்த வருஷம் ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்த குளிர்பொருளையும் எடுத்து ஆலையில் வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். செலவு மிச்சம். ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. தப்பி வரும் வாயுவை எரித்துவிடுவதற்கென்று ஒரு சுடர் கோபுரம் உண்டு. அதற்குப் போகும் குழாயில் அரித்துப்போன ஒரு துண்டைக் கழற்றினார்கள், மாற்றுத் துண்டு பொருத்தவில்லை. வாயுவைக் காரக் கரைசலில் கழுவி நஞ்சு நீக்கும் கருவியோ, வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம் என்ற நிலையில் கிடந்தது. அந்தப் பிரிவில் 12 பேர் பார்த்த வேலையை 6 பேர் பார்த்தார்கள். இரவு ஷிப்டில் பராமரிப்புக்கென்று இருந்த மேற்பார்வையாளர் பதவியை எடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். எந்த கம்பெனியிலும் மாதக் கடைசி மீட்டிங்கில் ‘தற்காலிகமாக’ என்ற சொல்லோடு முடிவாகும் சமாச்சாரம்தான். யாரும் ஊரைக் கொல்லத் திட்டம் போடவில்லை.

அன்றிரவு 11 மணி வாக்கில் தொட்டியின் அழுத்தமானி 10 காட்டியது. முந்தைய ஷிப்டில் அது வெறும் 2. ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது. பார்த்தவருக்குத் திக்கென்று இருந்திருக்க வேண்டும். ஆனால் 2 முதல் 25 வரை எதுவும் சகஜம் என்பது அங்கே வழக்கம். தவிர, மானிகள் தாறுமாறாகக் காட்டுவதும் அவர்களுக்கு அன்றாட அனுபவம். 11.30-க்குக் கண் எரிய ஆரம்பித்தது. கசிவைக் கண்டுபிடிக்க அவர்களிடமிருந்த கருவியே கண்தான். எரிந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். சின்னச் சின்னக் கசிவுகள் அடிக்கடி நடந்ததால், கண் எரிச்சலும் அந்த வேலையோடு சேர்ந்த ஒன்றாகியிருந்தது. டீ குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. டீ முடிந்து வந்தபோது முள் மானியின் எல்லையைத் தாண்டியிருந்தது.

அந்த டீயைக் குறை சொல்லி எழுதாதவர்கள் இல்லை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. உடைந்த மானிகளுக்கு நடுவில், கண் எரிந்தால் துடைத்துக்கொண்டு வேலை பார் என்று மாதக்கணக்கில் பழக்கப்பட்ட மனிதர் வேறு என்ன செய்திருப்பார்? மிச்சம் பிடித்த பணம் நிர்வாகத்துக்குப் போயிற்று. அந்த மிச்சத்தோடு வாழும் பழக்கம்தான் தொழிலாளிக்குக் கிடைத்தது. அதே ஆட்களை நல்ல மானியும் ஒழுங்கான குழாயும் உள்ள ஓர் ஆலையில் வேலைக்கு வைத்திருந்தால், முள் 10-ஐத் தொட்டதுமே பதறி ஓடியிருப்பார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள்தான். அவர்களின் பதற்றத்தைத்தான் அந்த இடம் தின்றுவிட்டது.

சைரன் விஷயம் இதைவிட மோசம். சின்னக் கசிவுக்கெல்லாம் சங்கு ஊதினால் அக்கம்பக்கத்து மக்கள் பயந்து கூடிவிடுகிறார்கள் என்று, ஆலைக்குள் ஒலிக்கும் சைரனையும் ஊருக்கு ஒலிக்கும் சைரனையும் ஏற்கெனவே தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அன்றிரவு ஊருக்கான சைரன் கொஞ்ச நேரம் ஒலித்து நின்றது. அது மறுபடி தொடர்ந்து ஒலித்தபோது ஜனம் வாயிலும் கண்ணிலும் துணியைப் பொத்திக்கொண்டு, வாயு வந்த திசையா போகும் திசையா என்று தெரியாமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

எச்சரிக்க ஆளில்லாமல் இல்லை. 1981 டிசம்பரிலேயே அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயுவைச் சுவாசித்து ஒரு தொழிலாளி இறந்தார். அதற்குப் பிறகு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் துருவித் துருவி விசாரித்து, ஊருக்கே ஆபத்து இருக்கிறது என்று 1982-இல் தன் சிறிய வார இதழில் எழுதினார். 1984-இல் ‘ஜன்சத்தா’ நாளேட்டில் மறுபடியும் எழுதினார். யாரும் அசையவில்லை. மத்தியப் பிரதேச அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 3,787 பேர். அந்தக் கணக்கை போபாலில் பாதிக்கப்பட்டவர்கள் இன்றுவரை ஏற்கவில்லை, உண்மையான எண்ணிக்கை பல மடங்கு என்கிறார்கள்.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2020 மே 7-ஆம் தேதி விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கில் வாரக்கணக்கில் தேங்கி நின்ற தொட்டி அது. வெப்பம் அளக்கும் ஏற்பாடு தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும் இருந்தது, மேல் பகுதி கொதித்தது யாருக்கும் தெரியவில்லை. சைரன்கள் இருந்தும் ஒலிக்கவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் செல்லும் அம்மோனியா குழாய் கசிந்து, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த முறை உயிர் தப்பினார்கள்.

ஆலை, தொட்டி, வாயு என்றால் நமக்கு என்ன என்று தோன்றலாம். ஓலைக்கு வருவோம்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. 28 பேர் கருகினார்கள். ஓட முடியவில்லை, காலில் சங்கிலி. மறுநாள் நாடே கொதித்தது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆனால் அந்தச் சங்கிலி ஒளித்து வைக்கப்பட்டதா என்ன? கொண்டுவந்து விட்ட உறவினர் பார்த்தார்கள். தர்காவுக்கு வந்து போனவர்கள் பார்த்தார்கள். முதல் முறை பார்த்தபோது நிச்சயம் நெஞ்சு பதறியிருக்கும். பத்துப் பேர் காலில் கிடப்பதைப் பார்த்த பிறகு, ‘இங்கே இப்படித்தான்’ என்று ஆகியிருக்கும். பூட்டியவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு மனிதனின் காலில் சங்கிலி போடுவது காலையில் வாசல் தெளிப்பதைப் போல ஒரு வேலையாகிவிடும் அளவுக்கு ஓர் இடம் ஆட்களை மாற்றிவிட முடியும். அதுதான் எனக்குக் கிலியாக இருக்கிறது.

மூன்று வருஷம்கூட முழுசாகப் போகவில்லை. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். வீடியோ விளக்குக்கு இழுத்த மின் இணைப்பிலிருந்து பந்தல் ஓலையில் தீ. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளி. கீழே சத்துணவு அடுப்பு, மேலே கீற்றுக் கூரை, அதன் அடியில் வகுப்பறைகள், இறங்க ஒரு குறுகிய படி. 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து கும்பகோணம் இரண்டு மூன்று மணி நேர பஸ் பயணம். ஜனவரியில் அந்தச் செய்தியைப் படித்து ‘ஐயோ’ என்று உச்சுக் கொட்டியவர்களில் எத்தனையோ பேர், மறுநாள் காலையில் தங்கள் பிள்ளையைக் கீற்றுக் கூரையின் கீழ் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். குறை சொல்லவில்லை. கீற்று குளுமை, கீற்று மலிவு, கீற்று நாம் பிறந்ததிலிருந்து பார்ப்பது. பார்த்துப் பழகிய பொருளில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரை இறங்குவதற்கு 94 குழந்தைகள் வேண்டியிருந்தது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பழக்கம் அப்படியே இருக்கும், சுற்றியிருப்பது ஓசையில்லாமல் மாறிவிடும். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழா. வருஷா வருஷம் வரும் தேர்தான், போகும் தெருதான். இடையில் சாலையைப் போட்டு மேடாக்கியிருந்தார்கள். உயர் அழுத்த மின்கம்பியில் தேர் உரசி 11 பேர் இறந்தார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. ‘காலங்காலமா இந்த வழியாத்தான் போறோம்’ என்பது முந்தைய வருஷம்வரை உண்மை. நம் தெருக்களில் தாருக்கு மேல் தார் போட்டு வீட்டு வாசலே பள்ளமாகிக் கிடக்கிறது. கம்பிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளி என்ன ஆயிற்று என்று எந்த விழாக் கமிட்டியாவது இந்த வருஷம் அளந்ததா?

படிக்காத ஜனம், அதனால்தான் இப்படி என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். உலகிலேயே அதிகம் படித்தவர்கள் வேலை பார்க்கும் இடங்களில் ஒன்று நாசா. சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் அரிபடுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. அரிபட்டும் கலம் பத்திரமாகத் திரும்பியது, எனவே இவ்வளவு அரிப்பு பரவாயில்லை என்று ஆயிற்று. 1986 ஜனவரி 28-ஆம் தேதி குளிரில், கிளம்பிய 73-ஆம் விநாடியில் 7 பேரோடு சிதறியது. சமூகவியலாளர் டயான் வாகன் அந்தக் கோப்புகளை வருஷக்கணக்கில் தோண்டிப் பார்த்து 1996-இல் புத்தகமாக எழுதினார். விதியை மீறிய வில்லன்கள் யாரும் அவருக்குக் கிடைக்கவில்லை. விதிப்படி நடந்தவர்களின் ‘பரவாயில்லை’ என்ற கோடுதான் ஒவ்வொரு தடவையும் ஓரங்குலம் நகர்ந்திருந்தது. புத்தகம் வந்து ஏழு வருஷத்தில் கொலம்பியா விண்கலம் சிதறியது. அதே நாசா, இந்த முறை வளையத்துக்குப் பதில் வெளித்தொட்டியிலிருந்து உடைந்து விழும் நுரைத் துண்டு. அதுவும் முன்பே பல தடவை விழுந்து ஒன்றும் ஆகாமல் போனதுதான். கல்பனா சாவ்லாவை நாம் இழந்தது அப்படித்தான். அவர் பெயரில் துணிச்சலுக்கு விருது கொடுக்கிறோம். நாசாவின் கூட்டத்தில் ‘இந்த நுரையை நிறுத்தாமல் அடுத்த கலத்தை அனுப்பக் கூடாது’ என்று கத்துவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது.

கத்துபவருக்கு நம் ஊரில் என்ன மரியாதை என்பது உங்களுக்கே தெரியும். கல்யாண மண்டபத்தில் போய், ‘பின்பக்கக் கதவு ஏன் பூட்டியிருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நல்ல நாளும் அதுவுமா வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க’ என்று உங்கள் வீட்டுக்காரரே அதட்டுவார். பட்டாசு அறையில் அளவுக்கு மேல் மருந்து கலக்கிறார்களே என்று ஒரு பையன் சொன்னால், ‘பயந்தா வேற வேலை பாரு’. கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்காதீர்கள் என்றால், ‘போன தடவையும் இவன்தான் இறங்கினான்’. 2013-லேயே சட்டம் வந்துவிட்டது, இறங்குவது நிற்கவில்லை. உள்ளே போனவர் மயங்கினால் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து பிணமாக வருகிறார். பயத்தைச் சொல்பவரைக் கேலி செய்யும் இடத்தில், மூன்றாவது தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அமைதியாக இருக்கிறதே, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று முதலாளியும் நினைத்துக்கொள்வார்.

பழக்கம் என்றாலே கெடுதல் என்று சொல்ல வரவில்லை. அதே பழக்கத்தைக் காவலுக்கு வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்வார்கள். ஆளில்லாத தண்டவாளத்தில் அவர்கள் தனியாகப் பேசுவதைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். அங்கேயுள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் செய்த சோதனையில், எதுவும் செய்யாதபோது 100 செயல்களுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. நம் ரயில் இன்ஜினிலும் லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள். கண் பழகி அசட்டையாகும் என்று தெரிந்தவர்கள் கையையும் வாயையும் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். ‘ஜாக்கிரதையாக இரு’ என்று பலகை எழுதி மாட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பலகையை மூன்றாம் நாளிலிருந்து யாரும் படிப்பதில்லை.

சரி, உங்கள் வீடு. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. அல்லது ஈ.எல்.சி.பி. என்று ஒன்று இருக்கும், அதில் ‘டி’ என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அதை அமுக்கினால் உடனே லைன் துண்டாக வேண்டும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டிய பட்டன் அது. பல வீடுகளில் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அதை யாரும் தொட்டதே இல்லை. இன்னும் சில வீடுகளில் நிலைமை மோசம்: மழைக்காலத்தில் அடிக்கடி ட்ரிப் ஆகிறது, டி.வி. பார்க்க முடியவில்லை என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதையே தாண்டி நேரடியாக இணைத்திருப்பார்கள். எங்கோ கரண்ட் கசிகிறது என்று அது கத்திச் சொன்னது. வாயை அடைத்துவிட்டார்கள். போபால் சைரனுக்கு நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஈரக் கையோடு மோட்டார் சுவிட்ச் போடுவதும், மின்கம்பத்தில் கம்பிக் கொடி கட்டித் துணி காயப்போடுவதும் இதே வகையறா. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகை மழையிலும் இந்தச் சாவுச் செய்திகளைப் படிக்கிறோம்.

சமையலறையில் ரெகுலேட்டரை ராத்திரி மூடுகிறீர்களா? அடுப்பின் ரப்பர் டியூப் எந்த வருஷத்தது? அதன் மேலேயே அச்சடித்திருக்கும், 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ‘லேசா வாசம் வரும், அது எப்பவும் வர்றதுதான்’ என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அது சாதாரணப் பேச்சில்லை. மூக்கு சொல்வதற்காகவே அந்த நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். வாசம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள். தெருவிலும் இதே கதைதான். ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, போலீஸ் நிற்கும் முனையில் மட்டும் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, பாதுகாப்பு என்பது போலீஸுக்காகச் செய்வது என்று கற்றுக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அது இன்ஜினீயராகி ஒரு தொட்டிக்குப் பொறுப்பேற்கும்.

நம் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது, பழகிவிட்டோம். தெரியக்கூடியவர்கள் ஒருசிலர்தான்: நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன், புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், லீவுக்கு வந்திருக்கும் அக்கா பிள்ளை, வீட்டு வேலைக்கு இந்த வாரம் சேர்ந்த அம்மா. அவர்களை உட்காரவைத்து, ‘இங்கே எதைத் தொட உனக்குப் பயமா இருக்கு?’ என்று கேளுங்கள். முதல் வாரத்திலேயே கேளுங்கள், தள்ளிப்போட்டால் அவர்களுக்கும் பழகிவிடும். சொல்வதைச் சிரிக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘மாடிப்படி சுவிட்சுல லேசா ஷாக் அடிக்குதுங்க’ என்று அந்த அம்மா சொன்னால், மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனுக்கு போன் போடுங்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பார். இன்றைக்கே வரச் சொல்லுங்கள்.